கயத்தாற்றுப் புளியமரமும் பாளையங்கோட்டைச் சிறையும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாலுவழிச் சாலையில் வருகிறவர்கள் எல்லோரும் கயத்தாறு டோல்கேட்டைத் தாண்டித்தான் வருகிறோம். வண்டியை ஊருக்குள் திருப்புகிறவர்கள் குறைவு. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அந்த ஊரில் ஒரு கோர்ட் கூடியது. குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தூக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. கூரை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு மரம் இருந்தது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் பழைய எல்லைப்புற ஊர்களின் கோர்ட்டையும் ஜெயிலையும் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நீதிபதி உட்கார்ந்த நாற்காலி, கம்பி போட்ட அறை, கைதிக்கு மாட்டிய விலங்கு எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். நம் கடற்கரைக்கும் அப்படி ஓர் எல்லைப்புறக் காலம் இருந்தது. 1792-ல் ஆற்காட்டு நவாபுடன் செய்த ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. பெயருக்கு நவாப்தான் ராஜா. 1801 ஜூலை 31-ல்தான் ஆற்காட்டுச் சீமை முழுசாகக் கம்பெனி கைக்குப் போனது. சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டு வைக்கும் சட்டம் 1802-ல் வந்தது. பாளையக்காரர்களை ஜமீன்தாராக்கிச் சன்னது கொடுத்தது 1803-ல். நம் தூத்துக்குடி டச்சுக்காரரிடமிருந்து இங்கிலீஷ்காரர் கைக்கு மாறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. முத்துக்குளிப்பில் மூழ்கும் கல்லில் யாருக்கு எத்தனை என்று நவாபும் டச்சுக்காரரும் வருஷக்கணக்கில் வழக்காடிய கடல் இது. யார் சொல்வது சட்டம் என்று யாருக்கும் தீர்மானமாகத் தெரியாத பத்துப் பன்னிரண்டு வருஷம். அந்தக் காலத்தின் கோர்ட்டையும் ஜெயிலையும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்தா, வக்காலத்து, நகல் மனு என்று வாழ்நாள் முழுக்கக் கட்டுகளைப் புரட்டிய கை. அந்த மரத்தில் தூக்கிலிட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் கதையை நாம் எல்லோரும் சினிமாவில் பார்த்து வளர்ந்தவர்கள். அதைக் கோர்ட்டுக்காரர் ஒருவரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பள்ளிக்கூட லீவு என்பதால் மகளும் ஏறிக்கொண்டாள்.

முதலில் ஒட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சி. இரண்டு பக்கமும் கரிசலும் உடைமரமும் பனையும். இப்போது அங்கே இருக்கிற கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. உள்ளே சுவர் முழுக்க ஓவியங்கள், பக்கத்தில் ஜக்கம்மா கோவில். பழைய கோட்டையின் அடித்தளம் தனியாக வேலிக்குள் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, முழுக்க மண். இந்த மண்சுவரைப் பிடிக்கக் கம்பெனி திரும்பத் திரும்பப் பெரிய படையோடு வரவேண்டியிருந்தது என்பதை அந்த அடித்தளத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தால்தான் மனசு ஏற்கும்.

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் அதற்கும் கூப்பிடு தூரம். கம்பெனியின் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அக்டோபர் 16. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. எல்லாம் தற்செயல்தான், இதில் பெரிய அர்த்தம் தேடவில்லை. ஆனாலும் சொல்லாமல் தாண்டிப் போக மனசில்லை.

கயத்தாறு போகும் வழியில் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "அவர் மேல முதல்ல ஒரு கேஸ் இருந்துச்சுல்லா, அதுல என்ன தீர்ப்பு?"

இந்தக் கேள்வியை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. நாம் எல்லோரும் ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரைக்கு எதிரே கட்டபொம்மன் நிற்கிற காட்சியோடு நின்றுவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வழக்கின் முதல் பாதி.

1798-ல் கலெக்டர் ஜாக்சன் கிஸ்தி நிலுவைக்காகக் கட்டபொம்மனை வரச்சொன்னார். குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டரின் கூடாரம் போன இடமெல்லாம் கட்டபொம்மன் பின்னாலேயே போனார். எங்கேயும் பேட்டி கிடைக்கவில்லை. 23 நாள் அலைச்சலுக்குப் பிறகு செப்டம்பர் 10-ஆம் தேதி ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் பார்த்தார்கள். கணக்குப் பார்த்தபோது பாக்கி 1,080 பகோடாதான் இருந்தது. அவரையும் அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள். வெளியேறும்போது கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். பிள்ளை பிடிபட்டார்.

கம்பெனி அதிகாரி ஒருவர் செத்திருக்கிறார். இருந்தும் சென்னைக் கவர்னர் என்ன செய்தார்? வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் என்ற மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை வைத்தார். கட்டபொம்மனும் அந்தக் குழுவின் முன்னால் ஆஜரானார். குழு அவர் மேல் குற்றமில்லை என்றது, நடந்ததற்கு ஜாக்சனைத்தான் பொறுப்பாக்கியது. ஜாக்சன் பதவி போனது. பிள்ளையை விடுதலை செய்தார்கள்.

"அப்ப அது கோர்ட்டு," என்றார் சித்தப்பா. "ரெண்டு தரப்பையும் கேட்டிருக்கான். தன்னோட ஆளுக்கு எதிரா எழுதியிருக்கான். அதைக் குத்தம் சொல்ல முடியாது."

இது நடந்து ஒரு வருஷம் முடிவதற்குள் கயத்தாறு.

ஊருக்குள் போனதும் முதலில் தெரிவது சிலை. சிவாஜி கணேசன் தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி 1970-ல் வைத்தது. 1959-ல் வந்த படத்தில் அந்த வேஷம் போட்டவர், அந்த மனிதர் செத்த மண்ணைத் தேடி வந்து சிலை வைத்தார் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருகிற விஷயம். பிறகு அரசு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. புளியமரம் இல்லை. முன்னொரு காலத்தில் வழிப்போக்கர்கள் அந்த இடத்தில் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவது வழக்கம் என்றும், அப்படியே கல் குவிந்து மேடாகிக் கிடந்தது என்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அரசாங்கம் ஞாபகச்சின்னம் வைக்க முடியாத காலத்தில் ஜனங்கள் வைத்துக்கொண்ட சின்னம் அது.

மரநிழல் ஒன்றில் உட்கார்ந்து, சித்தப்பாவிடம் அன்றைய நடவடிக்கையை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

செப்டம்பர் 5-ஆம் தேதி தாக்குதலுக்குப் பிறகு கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் நடந்த சண்டையில் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். செப்டம்பர் 13-ஆம் தேதி நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியே விடுதலை செய்த அதே மனிதர். கட்டபொம்மன் வடக்கே புதுக்கோட்டைச் சீமைக் காட்டுக்குள் போனார். தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து கயத்தாறு.

அக்டோபர் 16 அன்று பானர்மன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் அங்கே கூடச் செய்தார். கிஸ்தி ஒழுங்காகக் கட்டவில்லை, கலெக்டர் கூப்பிட்டு வரவில்லை, சிவகிரி விவகாரத்தில் ஆட்களை அனுப்பிக் கலகத்துக்குத் துணை போனார், செப்டம்பர் 5-ஆம் தேதி கம்பெனிப் படையை எதிர்த்துச் சுட்டார். இவைதான் குற்றச்சாட்டு. கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை. கயத்தாற்றுக் கோட்டைக்கு வெளியே புளியமரத்தில் தூக்குப் போட்டார்கள்.

சித்தப்பா விரலை மடக்கி மடக்கிக் கேட்டார்.

"புகார்தாரர் யாரு?"

"கம்பெனி."

"விசாரிச்சது?"

"பானர்மன்."

"செப்டம்பர் அஞ்சாந்தேதி கோட்டைக்கு வெளிய நின்னு சுட்டது?"

"அதே பானர்மன்."

"குறுக்கு விசாரணை? சாட்சி? அப்பீல்?"

"ஒண்ணும் இல்ல சித்தப்பா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கிஸ்தி பாக்கிக்கு ஜப்தி பண்ணலாம். தூக்குப் போட முடியாதுல்லா," என்றார். மகள் குறுக்கே, "தாத்தா, அப்ப மத்த ராஜாவெல்லாம் எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டாள். "பாக்குறதுக்கு, தாயி. பார்த்துப் பயப்படுறதுக்கு."

1798-ல் விசாரணைக் குழு வைத்த அதே கம்பெனி 1799-ல் மரத்தடியில் ஒரே நாளில் முடித்தது ஏன்? கட்டபொம்மனின் குற்றம் ஒரு வருஷத்தில் பத்து மடங்காகிவிடவில்லை. பழைய நிலுவை, கூப்பிட்ட உடனே போகாதது, அக்கம்பக்கத்துப் பாளையங்களோடு சேர்க்கை எல்லாம் 1798-லும் இருந்தவைதான். மாறியது வேறு. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். திப்பு இருந்தவரை தெற்கே ஒரு சண்டையைக் கம்பெனி தாங்கியிருக்காது, படை முழுக்க மைசூர்ப் பக்கம் வேண்டியிருந்தது. அதனால் 1798-ல் பாளையக்காரரின் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டது. மே மாதத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. சட்டம் மாறவில்லை, குற்றவாளி மாறவில்லை, எதிரே இருக்கிறவனின் பலம் மட்டும் மாறியது. ஊரூராய்ப் போய்ச் சேர்த்த விஷயங்களை வைத்து எனக்குத் தோன்றுகிற முடிவு இது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

கயத்தாற்றைப் பற்றி இன்னொன்று. சினிமாவில் நாம் கேட்ட நீண்ட வசனம் எதுவும் ஆவணத்தில் கிடையாது. இருப்பது, மறுநாள் அக்டோபர் 17-ஆம் தேதி பானர்மனே மேலிடத்துக்கு எழுதிய கடிதம். விசாரணை நடந்த நேரம் முழுக்க இந்த மனிதர் கொஞ்சமும் அஞ்சவில்லை, தன்னைப் பிடிக்கத் தீவிரமாக முயன்ற எட்டயபுரத்தாரையும், சிவகிரியாரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தார், தூக்கு மரத்துக்கு உறுதியான நடையோடு போனார், இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்தபடி நடந்தார் என்று அதில் எழுதியிருக்கிறார். வழியில் தன் வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்தது தப்பு, அதைக் காத்தபடியே செத்திருக்கலாம் என்று வருந்தினாராம். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியே நமக்குச் சாதகமாகச் சொன்னால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று சித்தப்பாவுக்குத் தெரியும். "இந்த ஒரு கடுதாசி போதும்," என்றார். "இதை எழுதினவன் தூக்குப் போட்டவன். பொய்யா எழுதுறதா இருந்தா வேற மாதிரி எழுதியிருப்பான்."

இந்த இடத்தில் எட்டயபுரத்துக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று பேச்சுவாக்கில் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே இருந்தது. பக்கத்துப் பாளையத்தோடு பகை, தூரத்துக் கம்பெனியோடு சிநேகம் என்பது அன்றைக்கு எல்லோரும் ஏதாவதொரு சமயம் செய்த கணக்குதான். அந்த எட்டயபுரத்தில்தான் பாரதி பிறந்தார். இருநூறு வருஷத்துப் பழியை ஒரு ஊரின் தலையில் தூக்கி வைப்பதை நாம் நிறுத்திவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பாளையங்கோட்டை.

பாளையங்கோட்டையின் கோட்டை பெரும்பாலும் இடிந்து போய்விட்டது. வாசல் பகுதிகள்தான் மிச்சம். மேற்கு வாசலை மேடை போலீஸ் ஸ்டேஷன் என்றுதான் ஊர் சொல்கிறது. நீண்ட காலம் போலீஸ் ஸ்டேஷனாக இருந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்த இடம் இதுதான் என்கிறார்கள். ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் போகிற நெரிசலில், நல்ல கனமான கல் கட்டடமாக நின்றுகொண்டிருக்கிறது. கட்டடம் பிழைத்ததற்குக் காரணம் அதைத் தொடர்ந்து எதற்காவது பயன்படுத்தி வந்ததுதான் என்று நினைக்கிறேன். பூட்டிப் போட்ட கோட்டைகள் எல்லாம் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும்.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு ஊமைத்துரை உட்பட அவருடைய உறவினர்களைக் கம்பெனி பாளையங்கோட்டையில் அடைத்தது. காலில் விலங்கு. ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தார்கள். அப்போது சிறைக்குள் அம்மை கண்டது.

அம்மை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகுவோம், யாரும் கிட்டப் போகமாட்டோம். அங்கேயும் அப்படித்தான். அம்மை வார்த்த உடம்பில் விலங்கு கிடந்தால் புண்ணாகும் என்று இரக்கப்பட்டு அதிகாரிகள் விலங்கைக் கழற்ற விட்டார்கள். அதற்காகவே காத்திருந்ததுபோல் 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சாயங்காலம் விறகு விற்கிறவர்கள், இலை விற்கிறவர்கள் வேஷத்தில் ஆட்கள் உள்ளே வந்தார்கள். கட்டுக்குள் ஆயுதம். காவலரை மடக்கிவிட்டுக் கைதிகள் வெளியேறினார்கள். அந்த நேரத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரும் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை எழுதியவர் அந்த விருந்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி. கைதிகள் விடிவதற்குள் முப்பது மைல் ஓடிப் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். பலர் அம்மையிலிருந்து அப்போதுதான் எழுந்தவர்கள், பல மாதம் விலங்கு போட்ட கால்கள். மேடை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று வடகிழக்கே பார்த்தால் அந்தத் தூரம் எனக்கு மலைப்பாக இருந்தது. நாங்கள் அன்று காலையில் பெட்ரோல் போட்டு வந்த தூரம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்வது அநியாயம். ஆனாலும் இங்கே ஜெயில்தான் விஷயம். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பினார்கள். தூத்துக்குடியையும் பிடித்தார்கள். துறைமுக அதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே வந்து கெஞ்சியதும் விட்டுவிட்டார்கள். தங்கள் அண்ணனுக்குக் கிடைக்காத கருணையை எதிரிக்குக் கொடுத்தார்கள். மார்ச் 31-ஆம் தேதி கம்பெனிப் படை தாக்கிப் பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ வந்து, பெரிய பீரங்கிகள் வந்து, மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

வெல்ஷ் எழுதியதில் என்னால் மறக்க முடியாத இடம் இதற்குப் பிறகு வருகிறது. கோட்டை விழுந்த இரவில், பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் கண்டுபிடித்தாள். அவனோ, என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்று பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போனாள். தேடிக்கொண்டு எட்டயபுரம் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் அவர் உடம்பை வெள்ளைத் துணியால் மூடி, பையன் அம்மையில் போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் கிட்ட வராமல் திரும்பிவிட்டார்கள்.

முதல் தடவை அம்மை சிறைவிலங்கைக் கழற்றியது. இரண்டாம் தடவை அம்மை என்ற பேச்சே போதுமாக இருந்தது. இதை நான் சொன்னபோது சித்தப்பா கைகூப்பினார். அவருக்கு வரலாறும் பக்தியும் வேறு வேறு இல்லை. எனக்கு அந்தத் தாயின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லையே என்றுதான் இருந்தது. பானர்மன் பெயர் இருக்கிறது, மெக்காலே பெயர் இருக்கிறது, அக்னியூ பெயர் இருக்கிறது. மகனை விட்டுவிட்டு இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்குப் பெயர் இல்லை.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையை நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்குகளிலிருந்து எடுத்துவிட்டு, கோட்டை இருந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள்.

பாளையங்கோட்டையில் இன்னொரு சிறையும் இருக்கிறது, மத்தியச் சிறை. அது இன்றும் நடக்கிற சிறை, வெளியே நின்று மதிலைத்தான் பார்க்க முடியும். 1908 மார்ச் 12-ஆம் தேதி கைதான வ.உ.சி.யைப் பாளையங்கோட்டைச் சிறையில்தான் வைத்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். இந்த முறை கோர்ட் இருந்தது. கூண்டு, வக்கீல், சாட்சி, எழுதிய தீர்ப்பு எல்லாம் இருந்தன. ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார், ஒன்று முடிந்து இன்னொன்று, நாற்பது வருஷம். அப்பீலில் ஹைகோர்ட் அதைப் பெரிதாகக் குறைத்தது. கோயம்புத்தூரில் செக்கிழுத்து, கண்ணூரில் கிடந்து, 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி போய்விட்டது.

"அப்பீல்னு ஒண்ணு இருந்ததால உசுரோட வந்தாரு," என்றார் சித்தப்பா. அவர் வாழ்ந்த தொழிலின் மேல் அவருக்குள்ள நம்பிக்கை அது. நான் ஒத்துக்கொண்டேன். நாற்பது வருஷத் தண்டனை எழுதிய கையும் ஒரே நாளில் தூக்குப் போட்ட கையும் ஒரே நோக்கத்துக்காகத்தான் வேலை செய்தன, இருந்தாலும் மேல்கோர்ட் ஒன்று இருந்தது என்பது ஒரு மனிதனின் உயிருக்குச் சின்ன வித்தியாசம் இல்லை. 109 வருஷத்தில் இந்த ஜில்லா கடந்து வந்த தூரம் அது.

திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாமல் பழைய துறைமுகப் பக்கம் வண்டியை விடச் சொன்னேன். இந்தக் கதையில் கோர்ட், ஜெயில் இரண்டுக்கும் அடுத்து வருகிற இடம் தூத்துக்குடிதான், அதை நம் ஊர்க்காரர்களே பலர் அறியமாட்டார்கள்.

1802 பிப்ரவரி 11-ஆம் தேதி, கலகத்தில் பிடிபட்ட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான், வயது சுமார் பதினைந்து. இவர்களுக்குக் கயத்தாற்று அளவுக்குக்கூட ஒரு விசாரணைக் காட்சி நினைவில் நிற்கவில்லை. கப்பல் பினாங்கு போய்ச் சேர எழுபது நாளுக்கு மேல் ஆனது. கப்பல் கிளம்புமுன் கைதிகளைக் காவலில் வைத்திருந்தவர் யார் தெரியுமா? பாளையங்கோட்டை விருந்தில் இருந்த அதே வெல்ஷ். அவருக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. ஆசானின் மகனை விலங்கோடு காவல் காத்தார். 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, நலிந்து கிழடுதட்டிப் போன ஓர் ஆள் அவரைத் தேடி வந்து எதிரே நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. துரைசாமி என்று அவரே சொன்னார். வயது முப்பதைத்தான் ஒட்டியிருக்கும்.

இதைச் சொல்லி முடித்ததும் மகள், "அந்தக் கப்பல் எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள். தூத்துக்குடிக் கரையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும், தோணியில்தான் ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அப்படியானால் அந்த 73 பேரையும் இந்தக் கரையிலிருந்து ஏதோ தோணிகளில் ஏற்றித்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன்.

பாஞ்சாலங்குறிச்சிக்குக் கோட்டை கட்டியாகிவிட்டது. கயத்தாற்றில் சிலையும் மண்டபமும் இருக்கின்றன. மேடை போலீஸ் ஸ்டேஷன் நிற்கிறது. நம் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர் வைத்திருக்கிறோம், அது நமக்குப் பெருமை. இவற்றோடு பழைய துறைமுகப் பக்கம், ஜனங்கள் நடந்து போகிற இடத்தில், 1802 பிப்ரவரி 11 என்ற தேதியும், கப்பலின் பெயரும், அந்த 73 பேரின் பெயர்ப் பட்டியலும் பொறித்த ஒரு கல் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாநகராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். சித்தப்பா படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தி, எந்த அதிகாரிக்கு எந்த நகல் போகவேண்டும் என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறார். தூத்துக்குடிக்காரர்கள், சிவகங்கைக்காரர்கள், பினாங்கில் இருக்கிற நம் ஆட்கள் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட வாருங்கள். வரும் பிப்ரவரி 11-க்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.